கடவுச்சொல், சாவிக்கோப்பு, யூஎஸ்பி சாவி, சான்றிதழ்: சர்வர் நுழைவுக்குச் சிறிய குழு எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஒரு குழு, முப்பது நாற்பது லினக்ஸ் சர்வர்களை எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்து கட்டளையிடும் மறையாக்க முறை) வழியாகப் பராமரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த சர்வர்களுக்குள் யார், எதைக் காட்டி நுழைய வேண்டும் என்பது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. கடவுச்சொல் போதுமா, மடிக்கணினியில் சேமித்த சாவிக்கோப்பு வேண்டுமா, விரலால் தொட்டால்தான் இயங்கும் யூஎஸ்பி சாவி வாங்கலாமா, சில மணி நேரத்தில் தானாகக் காலாவதியாகும் சான்றிதழ் முறைக்குப் போகலாமா, இவை அனைத்துக்கும் முன்னால் விபிஎன் என்ற மறையாக்கத் தனி வலையமைப்பு ஒன்றையும் வைக்க வேண்டுமா என்று அவர்களுக்குமுன் வழிகள் பல உள்ளன.

இவற்றை மூன்று சூழல்களில் வைத்து எடைபோடுகிறேன். இணையத்தில் எங்கிருந்தோ தானியங்கி நிரல்கள் இரவு பகலாக நுழைய முயல்வது முதல் சூழல். குழுவில் ஒருவருடைய மடிக்கணினி திருடுபோவது, அல்லது அதற்குள் தீநிரல் புகுந்துவிடுவது இரண்டாவது. ஒருவர் வேலையை விட்டு விலகுவது மூன்றாவது. வழிகாட்டிகள் பெரும்பாலும் முதல் சூழலைத்தான் விரிவாகப் பேசுகின்றன. என்னைக் கேட்டால், ஒரு முறையின் தரத்தை மூன்றாவது சூழலில்தான் சோதிக்க வேண்டும். விலகியவருடைய அனுமதியை எத்தனை நிமிடத்தில், ஓர் இடத்தையும் விட்டுவிடாமல் நீக்க முடியும் என்ற கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாத குழு, எவ்வளவு நீளமான சாவியை வைத்திருந்தாலும் ஆபத்தில்தான் இருக்கிறது.

கடவுச்சொல்லைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதை அடுத்து, 1995இல் தாத்து இலோனன் எஸ்எஸ்எச்சை உருவாக்கினார். வழியில் நின்று கடவுச்சொல்லைக் களவாடுவதை அது தடுத்தது; எதிரே நின்று ஊகித்துப் பார்ப்பதைத் தடுக்கவில்லை. எஸ்எஸ்எச்சின் வழக்கமான வாயிலான 22ஆம் போர்ட் திறந்திருக்கும் எந்தப் பொது சர்வரின் லாக்கை (நிகழ்வுப் பதிவேட்டை)ப் பார்த்தாலும், ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, போஸ்ட்கிரெஸ் என்ற பெயர்களில் தோல்வியுற்ற முயற்சிகள் வரிசையாகக் கிடக்கும். தொடர்ந்து தவறும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற கருவிகளும், பரவலாகப் பயன்படும் எஸ்எஸ்எச் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் 9.8 பதிப்பிலிருந்து அதற்குள்ளேயே வந்துவிட்ட முகவரிவாரித் தண்டனை வசதியும் இந்த இரைச்சலைக் குறைக்கின்றன. ஆயிரக்கணக்கான முகவரிகளிலிருந்து ஒவ்வொரு முயற்சியாகச் செய்யும் பாட்நெட்டை (கைப்பற்றப்பட்ட கணினிகளின் கூட்டத்தை) முழுமையாக நிறுத்துவதில்லை. போர்ட் எண்ணை மாற்றுவதும் அவ்வாறே: லாக் படிக்கத் தெளிவாகும், அதற்கு மேல் பயனில்லை. மூன்றாவது சூழலில் கடவுச்சொல்லின் நிலை இன்னும் மோசம். குழு முழுவதும் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்திருந்தால், ஒருவர் விலகும்போது அனைவரும் மாற்ற வேண்டும். அந்த வேலை தள்ளிப்போடப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே, கடவுச்சொல் நுழைவை முற்றிலும் நிறுத்திவிட்டு மற்ற வழிகளுக்குள் தேர்வு செய்வதே முறை.

நிறுத்தியதாக நினைப்பதற்கும் உண்மையில் நிறுத்துவதற்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது; அதை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால், முதலில் வருவதே செல்லும். உபுண்டுவில் அந்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே, துணைக் கோப்புறை ஒன்றில் உள்ள எல்லாத் துண்டுக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளும் வரி இருக்கிறது. மேகச் சேவைகளில் எழுப்பப்படும் சர்வர்களில், முதல் இயக்கத்தில் அமைப்புகளை எழுதும் கிளவுட்-இனிட் என்ற நிரல் அந்தக் கோப்புறையில் 50 என்ற எண்ணில் தொடங்கும் துண்டுக் கோப்பொன்றை எழுதி, அதில் கடவுச்சொல்லுக்கு அனுமதி உண்டு என்று குறித்துவிடுவது உண்டு. நிர்வாகி முதன்மைக் கோப்பைத் திறந்து, கீழே எங்கோ உள்ள வரியில் அனுமதி இல்லை என்று மாற்றி, சேவையை மறுதொடக்கம் செய்து, வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார். சர்வரோ தொடர்ந்து கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும். விசைப்பலகை வழி உரையாடல் என்ற தனி அமைப்பும், லினக்ஸின் அடையாளச் சரிபார்ப்பு அடுக்கான பாம் (PAM) வழியாகக் கடவுச்சொல்லை உள்ளே விடக்கூடும். கோப்பைப் படித்து முடிவுக்கு வராமல், எஸ்எஸ்எச் சர்வர் நிரலான எஸ்எஸ்எச்டியைப் பெரிய டி (-T) என்ற தெரிவுடன் இயக்கி, தற்போது உண்மையில் செல்லுபடியாகும் அமைப்புகளின் பட்டியலைப் பெற்றுப் பார்ப்பதே நம்பத்தக்க சரிபார்ப்பு. வெளியிலிருந்து சாவி எதுவும் இல்லாமல் நுழைய முயன்று, கடவுச்சொல் கேட்கப்படவில்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது சாவிக்கோப்பு. பொதுச்சாவியை சர்வரில் வைத்துவிட்டு, தனிச்சாவியைத் தன் கணினியில் வைத்துக்கொள்ளும் இந்த முறையில், முதல் சூழல் ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ஊகித்துக் கண்டுபிடிக்கக்கூடியது எதுவும் இல்லை. எந்த வகைச் சாவி என்பதில் நீண்ட விவாதம் தேவையில்லை: எட்25519. 2014இல் வெளியான 6.5 பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருக்கிறது. 2023இல் வந்த 9.5 பதிப்பிலிருந்து புதிய சாவிக்கு அதுவே இயல்பான தெரிவு. மிகப் பழைய கருவிகளோடு பேச வேண்டியிருந்தால் மட்டும் 3072 பிட்டுக்குக் குறையாத ஆர்எஸ்ஏ. ஈசிடிஎஸ்ஏ என்ற மற்றொரு வகையைத் தவிர்க்க ஒரு நல்ல காரணம் இருக்கிறது: 2024 ஏப்ரலில் வெளிப்பட்ட பிழையின்படி, புட்டி என்ற எஸ்எஸ்எச் மென்பொருளின் 0.68 முதல் 0.80 வரையான பதிப்புகள் ஈசிடிஎஸ்ஏவின் பி-521 வகைச் சாவியால் கையொப்பமிடும்போது பயன்படுத்திய தற்செயல் எண் போதிய அளவு தற்செயலாக இல்லை. ஏறத்தாழ 60 கையொப்பங்கள் கிடைத்தாலே தனிச்சாவியைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம் என்ற நிலை ஏற்பட்டது. எட்25519 கையொப்பத்துக்கு அத்தகைய தற்செயல் எண் ஒவ்வொரு முறையும் தேவைப்படுவதில்லை. சாவி பிறக்கும் இடமும் முக்கியம் என்பதை டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு காட்டியது. 2006இல் அதன் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்கப் பொதியில் செய்த ஒரு திருத்தத்தால், ஒவ்வொரு வகைக்கும் நீளத்துக்கும் 32,768 சாவிகளுக்கு மேல் உருவாக வழியில்லாமல் போயிற்று. அது 2008 மே மாதம் கண்டுபிடிக்கப்படும்வரை உருவான சாவிகள் அனைத்தும் பட்டியலிட்டு ஊகிக்கக்கூடியவையாக இருந்தன.

ஆனால் சாவிக்கோப்பு என்பது கோப்புதான். நகலெடுக்கலாம், நகலெடுத்தது யாருக்கும் தெரியாது. 2012 நவம்பரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டத்தின் பொதிகளை உருவாக்கும் கணினிகளில் இரண்டு ஊடுருவப்பட்டதை அத்திட்டமே அறிவித்தது. காரணம், உரிய அனுமதி பெற்றிருந்த நிரலாளர் ஒருவரின் எஸ்எஸ்எச் சாவி கசிந்ததுதான் என்று அவர்கள் கருதினார்கள். கணினியின் மென்பொருளில் குறையில்லை, சாவியின் கணிதத்திலும் குறையில்லை. தனிச்சாவிக்கு நல்ல கடவுத்தொடர் (சாவிக்கோப்பைத் திறக்கும் நீண்ட கடவுச்சொல்) இட்டால், திருடுபோன மடிக்கணினி உடனடி ஆபத்தாகாது. எனினும் கடவுத்தொடர் இடப்பட்டிருக்கிறதா என்பதை சர்வரிலிருந்து அறிய வழியே இல்லை. அது ஒவ்வொருவருடைய நல்லொழுக்கத்தையும் நம்பி நிற்கும் ஏற்பாடு. அப்படி நம்பி நிற்பது, பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நீடிக்கக்கூடியது அன்று.

இதோடு சேர்ந்து வருவது ஏஜென்ட் பகிர்வு. ஏஜென்ட் என்பது தனிச்சாவியை நினைவில் வைத்துக்கொண்டு கையொப்பமிட்டுத் தரும் நிரல். ஒரு சர்வருக்குள் நுழைந்து, அங்கிருந்து இன்னொன்றுக்குத் தாவ வசதியாகத் தன் மடிக்கணினியின் ஏஜென்டையே சர்வர்வரை நீட்டிவிடுவார்கள். அப்போது அந்த சர்வரில் ரூட் உரிமை (முழு நிர்வாக உரிமை) பெற்ற எவரும், தொடர்பு நீடிக்கும்வரை அந்தச் சாவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற செய்திப் பரிமாற்ற அமைப்பின் கணினிகளில் நடந்த ஊடுருவல் இப்படித்தான் பரவியது: நிரல்களைத் தானாகக் கட்டமைக்கும் ஜென்கின்ஸ் மென்பொருளின் பழைய நிறுவல் ஒன்றின் வழியாக நுழைந்தவர்கள், அங்கே பகிரப்பட்டிருந்த ஏஜென்டைக் கைப்பற்றி, முதன்மை சர்வர்களுக்குச் சென்றார்கள். 2016இல் 7.3 பதிப்போடு வந்த புராக்ஸிஜம்ப் வசதி இதே தேவையைச் சாவியை நடுவில் உள்ள சர்வரிடம் ஒப்படைக்காமலே நிறைவேற்றுகிறது. ஆகவே, ஏஜென்ட் பகிர்வை சர்வர் பக்கத்திலேயே தடைசெய்துவிடலாம். இழப்பதற்கு ஏறத்தாழ எதுவும் இல்லை.

மூன்றாவது சூழலுக்கு வருவோம். எளிய சாவிக்கு இயல்பாகக் காலாவதித் தேதி கிடையாது. 2019இல் ஒருவர் சேர்த்த பொதுச்சாவி, அவர் விலகிப் பல ஆண்டுகள் ஆனபின்பும், யாரும் திறந்து பார்க்காத ஒரு சர்வரின் அனுமதிப் பட்டியலில் அப்படியே கிடக்கும். இதற்குத் தீர்வாகப் பொதுச்சாவிகளை ஒரு கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் முறை) களஞ்சியத்தில் வைத்து, பல சர்வர்களை ஒருசேர அமைக்கும் ஆன்சிபிள் என்ற கருவி மூலம் எல்லா சர்வர்களுக்கும் பரப்புவார்கள். நல்ல வழிதான். ஆனால் அந்தப் பணிக்கான ஆன்சிபிள் தொகுதி, இயல்பு நிலையில் கொடுத்த சாவியைச் சேர்க்கும். பட்டியலில் இல்லாததை நீக்காது. களஞ்சியத்திலிருந்து ஒருவருடைய வரியை அழித்துவிட்டுப் பணியை ஓட்டினால், சர்வரில் அவருடைய சாவி இருந்த இடத்திலேயே இருக்கும். எக்ஸ்க்ளூசிவ் என்ற தெரிவைப் பயன்படுத்த வேண்டும், அல்லது கோப்பு முழுவதையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எழுத வேண்டும். அதைவிட முக்கியமானது, அனுமதிப் பட்டியலைப் பயனருடைய இல்லக் கோப்புறையில் வைக்காமல், ரூட் மட்டுமே எழுதக்கூடிய இடத்துக்கு மாற்றிவிடுவது. இல்லக் கோப்புறையில் இருக்கும்வரை, உள்ளே நுழைந்த எவரும் தனக்கென இன்னொரு சாவியைச் சேர்த்துவிட்டுப் போகலாம். அது களஞ்சியத்தில் எங்கும் தெரியாது.

இனி யூஎஸ்பி சாவி. 2020 பிப்ரவரியில் வந்த ஓப்பன்எஸ்எஸ்எச் 8.2, யூபிகீ போன்ற ஃபிடோ கருவிகளை (ஃபிடோ என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் யூஎஸ்பி சாவிகளை) நேரடியாகப் பயன்படுத்த வழிசெய்தது. இம்முறையிலும் மடிக்கணினியில் ஒரு சாவிக்கோப்பு உருவாகும். ஆனால் அதைத் திருடுவதால் பயனில்லை, ஏனெனில் கையொப்பமிடும் இரகசியம் கருவிக்குள் இருக்கிறது, அது வெளியே வருவதில்லை. ஒவ்வொரு நுழைவுக்கும் கருவியை விரலால் தொட வேண்டும்; பின் எண்ணும் கேட்கும்படி அமைக்கலாம், எட்டு முறை தவறினால் கருவி பூட்டிக்கொள்ளும். கடவுத்தொடரைப் போலன்றி, தொட வேண்டும் என்ற நிபந்தனையை சர்வரே வலியுறுத்த முடியும். பின் எண் கட்டாயம் என்றும் சர்வரில் குறித்துவிடலாம். தனிமனித ஒழுக்கத்தை நம்பி நின்ற விஷயம், சர்வர் சரிபார்க்கும் விஷயமாக மாறுகிறது. நான் இந்த முறையின் பக்கம் சாய்வதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. தீநிரல் புகுந்த மடிக்கணினியில், உரியவர் தொட்டுத் திறந்த தொடர்பின்மீதே அது ஏறிக்கொள்ள முடியும். கருவி தடுப்பது சாவி களவுபோவதை மட்டும்தான், அந்தக் கணத்தில் நடக்கும் தவறான பயன்பாட்டை அன்று. கருவியின் சில்லிலும் குறை வரலாம்: இன்ஃபினியன் நிறுவனத்தின் குறியாக்க நூலகத்தில் இருந்த குறையால், 5.7க்கு முந்தைய ஃபெர்ம்வேர் கொண்ட யூபிகீ 5 வரிசைக் கருவிகளிலிருந்து ஈசிடிஎஸ்ஏ சாவியை நகலெடுக்க முடியும் என்று 2024 செப்டம்பரில் வெளியாயிற்று. அதற்குக் கருவியே கையில் கிடைக்க வேண்டும், சிறப்பு ஆய்வுக்கருவிகளும் வேண்டும் என்பதால் பதற்றம் தேவையில்லை. ஆயினும் அந்த ஃபெர்ம்வேரைப் புதுப்பிக்க முடியாது, கருவியைத்தான் மாற்ற வேண்டும். சர்வர் பக்கமும் 8.2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்க வேண்டும், பின் எண்ணைக் கட்டாயமாக்க 8.4 வேண்டும். உபுண்டு 20.04இலும் டெபியன் 11இலும் சாவியை ஏற்பதில் சிக்கலில்லை, 8.0 பதிப்போடு வரும் ரெட்ஹேட் 8 குடும்பம் இந்தச் சாவியை ஏற்காது. ஒருவருக்கு ஒரு கருவி போதாது என்பதையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும்: வீட்டுச் சாவிக்கு மறுசாவி செய்து வைப்பதுபோல, ஆளுக்கு இரண்டு கருவிகள், இரண்டின் பொதுச்சாவியும் முன்கூட்டியே பதிவு. இரண்டாவது கருவியை வாங்காமல் சேமிப்பவர்கள், முதல் கருவி தொலைந்த நாளில் அவசரத்துக்கென்று ஒரு பழைய சாவிக்கோப்பைத் திரும்ப அனுமதிப்பார்கள். அது பின்னர் நீக்கப்படாது.

சான்றிதழ் முறை, மூன்றாவது சூழலுக்கு மிகத் தூய்மையான விடை. 2010இல் வந்த 5.4 பதிப்பிலிருந்தே ஓப்பன்எஸ்எஸ்எச்சில் இருந்தும், வியப்பூட்டும் அளவுக்குக் குறைவாகவே பேசப்படுகிறது. ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனி நபர்களின் சாவியை வைப்பதில்லை. சான்றளிக்கும் ஒரே ஒரு பொதுச்சாவியை மட்டும் நம்பும்படி சொல்லிவிடுவார்கள். காலையில் வேலைக்கு வருபவர் நிறுவனத்தின் ஒற்றை நுழைவு அமைப்பில் தன்னை உறுதிப்படுத்தி, எட்டு மணி நேரம் செல்லும் சான்றிதழைப் பெறுவார். மாலையில் அது தானே செத்துவிடும். ஒருவர் விலகினால் சர்வர்களில் எதையும் நீக்க வேண்டியதில்லை, மறுநாள் அவருக்குச் சான்றிதழ் கிடைக்காது, அவ்வளவுதான். ஃபேஸ்புக், நெட்ஃபிளிக்ஸ் ஆகிய இரண்டும் இம்முறையைத் தாங்கள் கையாளும் விதத்தை 2016இல் பொதுவெளியில் விளக்கின. லாக்கில் சான்றிதழின் பெயரும் வரிசை எண்ணும் பதிவாவதால், அனைவரும் உபுண்டு என்ற ஒரே பயனர் பெயரில் நுழைந்தாலும் யார் நுழைந்தார் என்பது தெளிவாகத் தெரியும். இந்தியாவில் இயங்கும் நிறுவனங்கள் லாக்குகளை 180 நாள் பாதுகாக்க வேண்டும், குறிப்பிட்ட வகைச் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று இந்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் பிறப்பித்த உத்தரவை நினைத்தால், இது சிறிய வசதி அன்று.

சர்வருக்கும் சான்றிதழ் வழங்கலாம் என்பது இதன் இன்னொரு பயன். முதன்முறை நுழையும்போது தோன்றும் விரலடையாளக் கேள்விக்கு, ஒப்பிட்டுப் பார்க்காமலே சம்மதம் சொல்வது அனைவருக்கும் பழகிவிட்டது. கிட்ஹப்பின் ஆர்எஸ்ஏ தனிச்சாவி ஒரு பொதுக் களஞ்சியத்தில் சிறிது நேரம் வெளிப்பட்டதால், 2023 மார்ச் 24 அன்று அதை அவர்கள் மாற்ற நேர்ந்தது. அந்தச் சாவியை முன்பு ஏற்றிருந்தவர்களின் திரையில் ஆபத்து எச்சரிக்கை தோன்றியது. சொந்த சர்வர்களுக்குச் சான்றிதழ் இருந்தால் இத்தகைய மாற்றம் எவருக்கும் தெரியாமல் நடந்துமுடியும்.

அப்படியானால் எல்லோரும் சான்றிதழுக்கே போகலாமே என்று கேட்கலாம். தயக்கத்துக்குக் காரணம் உண்டு. சான்றளிக்கும் தனிச்சாவி கசிந்தால் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் திறந்துவிடும். ஆகவே அதைக் காக்க வால்ட், ஸ்டெப்-சிஏ, டெலிபோர்ட் போன்ற ஒரு சேவையை நிறுவி, புதுப்பித்து, கண்காணிக்கப் பொறுப்பான ஆள் வேண்டும். நள்ளிரவில் அந்தச் சேவையே படுத்துவிட்டால், அதைச் சரிசெய்ய நுழைவதற்கும் சான்றிதழ் தேவைப்படும். எனவே அவசர நுழைவுக்கென்று தனி ஏற்பாடு வைக்க வேண்டும். சர்வரின் கடிகாரம் பிந்தினாலோ முந்தினாலோ சரியான சான்றிதழும் மறுக்கப்படும் என்பதால், நேர ஒத்திசைவு திடீரென்று நுழைவுக்கே அடிப்படையாகிவிடும். இவற்றைத் தாங்க ஆள்பலம் உள்ள இடத்தில் இதற்கு நிகரில்லை. ஆளில்லாத இடத்தில், அரைகுறையாக நிறுவிய சான்றளிப்புச் சேவையைவிட நன்றாகப் பராமரிக்கப்படும் சாவிப்பட்டியல் பாதுகாப்பானது.

விபிஎன் மேற்சொன்னவற்றுக்கு மாற்று அன்று, அவற்றுக்கு வெளியே நிற்கும் அடுக்கு. அது ஏன் தேவை என்பதை 2024 இரண்டு முறை காட்டியது. மார்ச் 29 அன்று, தரவைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு வைக்கப்பட்ட பின்கதவை ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். எஸ்எஸ்எச் நுழைவு அரை நொடி அளவுக்குத் தாமதமானதைக் கவனித்து அவர் தோண்டியதால்தான் அது வெளியே வந்தது. ஜூலை 1 அன்று குவாலிஸ் நிறுவனம் வெளியிட்ட ரெக்ரெஷன் (regreSSHion) என்ற ஓப்பன்எஸ்எஸ்எச் குறை, 8.5 முதல் 9.7 வரையான பதிப்புகளில், நுழைவுச் சரிபார்ப்புக்கு முன்பே ரூட் உரிமையைப் பெற வழிவிட்டது. இரண்டிலும் சாவி எவ்வளவு வலிமையானது என்பதற்குப் பொருளே இல்லை, ஏனெனில் சாவியைச் சரிபார்த்து முடிக்கும் முன்பே தாக்குதல் முடிந்துவிடுகிறது. எஸ்எஸ்எச் போர்ட் பொது இணையத்துக்குத் தெரியாமல் இருந்திருந்தால், புதுப்பிப்பதற்கு அவகாசம் கிடைத்திருக்கும். 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6 கெர்னலோடு சேர்ந்த வயர்கார்டு என்ற விபிஎன் இதற்கு நான் பரிந்துரைப்பது. சரியான சாவி இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு அது பதிலே தராது என்பதால், வெளியிலிருந்து துழாவுபவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. அமேசானின் செஷன் மேனேஜர் போன்றவை உள்வரும் போர்ட்டே தேவையில்லாமல் இதே பயனைத் தருகின்றன. எல்லா சர்வர்களும் ஒரே மேகச் சேவையில் இருக்கும் குழுவுக்கு அது வயர்கார்டைவிட எளிது, பல இடங்களில் பரந்திருக்கும் குழுவுக்கு அவ்வளவு எளிதன்று.

விரல் இல்லாத பயனர்களை மறந்துவிடக் கூடாது. இரவில் ஓடும் காப்புநகல் பணியும், நிரலைச் சோதித்து சர்வரில் தானாக ஏற்றும் சிஐ பணியும் எந்தக் கருவியையும் தொட முடியாது, அவற்றுக்குச் சாவிக்கோப்புதான். அத்தகைய சாவியை மனிதர்களுடைய சாவியோடு கலக்காமல், அனுமதிப் பட்டியலில் அதன் வரியிலேயே கட்டுப்பாடுகளை எழுத வேண்டும்: எந்த முகவரியிலிருந்து வரலாம், எந்த ஒரே கட்டளையை இயக்கலாம், எந்தத் தேதிவரை செல்லும். ரெஸ்ட்ரிக்ட் என்ற ஒரு சொல், ஏஜென்ட் பகிர்வு, போர்ட் பகிர்வு, முனையத் திரை என எல்லாவற்றையும் ஒரே அடியாக மூடிவிடும்.

ஆகவே, தொடக்கத்தில் சொன்ன குழுவுக்கு என் பரிந்துரை இது: வெளியே வயர்கார்டு, உள்ளே ஆளுக்கு இரண்டு யூஎஸ்பி சாவிகள், பின் எண் கட்டாயம், பொதுச்சாவிகள் கிட் களஞ்சியத்தில், ரூட்டுக்கு மட்டும் உரிய இடத்துக்கு முழுக் கோப்பாகப் பரப்பல், இயந்திரங்களுக்குக் கட்டுப்படுத்திய தனிச்சாவிகள். ஆட்கள் மாதந்தோறும் சேர்ந்து விலகும் நிலை வந்தால், அல்லது சர்வர்கள் தேவைக்கேற்பத் தாமாக எழுந்து மறையும் அமைப்புக்கு மாறினால், அப்போது சான்றிதழுக்குப் போகலாம். ஒரே ஒரு விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) வைத்திருக்கும் தனிநபருக்கு இவ்வளவும் வேண்டாம். கடவுத்தொடர் இட்ட எட்25519 சாவியும், கடவுச்சொல் நுழைவு நின்றுவிட்டதா என்ற சரிபார்ப்பும், தானியங்கிப் புதுப்பிப்பும் போதும்.

மாறும்போது வரிசை முக்கியம். முதலில் எல்லா சர்வர்களின் அனுமதிப் பட்டியல்களையும் ஓர் இடத்தில் திரட்டி, ஒவ்வொரு விரலடையாளத்துக்கும் உரியவரின் பெயரை எழுத வேண்டும். பெயர் எழுத முடியாத சாவிகள் கட்டாயம் சில இருக்கும். வெற்றிகரமான ஒவ்வொரு நுழைவின்போதும் லாக்கில் விரலடையாளம் பதிவாவதால், அந்தச் சாவிகள் அண்மை மாதங்களில் பயன்பட்டனவா என்று தேடலாம். பயன்படாதவற்றை உடனே நீக்கிவிட்டு, பயன்படுபவை எந்த முகவரியிலிருந்து வருகின்றன என்று பின்தொடர்ந்து உரியவரைக் கண்டறிய வேண்டும். புதிய சாவியைச் சேர்த்தபின், நடப்புத் தொடர்பை மூடாமல் வைத்துக்கொண்டு, வேறொரு முனையத்திலிருந்து புதிய சாவியால் நுழைந்து பார்த்து, மேகச் சேவையின் கன்சோல் வழியும் வேலை செய்கிறது என்று உறுதியான பிறகே பழைய வரியை அழிக்க வேண்டும்.